கால் கழுவி விடுகிறவருக்கு என்ன மதிப்பு?

கேள்வி: எனக்கு வயது 27. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறேன். கணவர் தென்காசியில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறார். மூன்று வயதில் ஒரு மகன். பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் உதவியாளர் பணிக்கு மனுப் போட்டிருந்தேன். இப்போது ஆணை வந்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "பன்னெண்டு வரைக்கும் படிச்சிட்டு ஊரான் பிள்ளைக்குக் கால் கழுவி விடப் போறியா?" என்கிறார் அத்தை. டீச்சர் வேலை என்றால் போ, ஆயா வேலை வேண்டாம் என்பது கணவர் கட்சி. "சொல்லிக் கொடுக்கிறது டீச்சர். நீ சோறு பொங்கப் போற, அவ்வளவுதான்" என்று நாத்தனார் சிரிக்கிறாள். எனக்குச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கப் பிடிக்கும். இந்த வேலைக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா, இல்லை ஆசையில் நானாக அப்படி நினைத்துக்கொள்கிறேனா? போனால் எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்? என் மகனையும் அதே மையத்தில் சேர்க்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஆய்க்குடி

பதில் (ஓய்வுபெற்ற குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் ஒருவர் எழுதுகிறார்):

சம்பளத்தை முதலில் பேசிவிடுவோம். எங்கே சுற்றினாலும் வீட்டில் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். 2025-இல் தமிழ்நாடு அரசு 7,783 அங்கன்வாடி பணியிடங்களை நிரப்ப ஆணையிட்டபோது, உதவியாளருக்கு முதல் 12 மாதத்துக்கு 4,100 ரூபாய் தொகுப்பூதியம் என்றும், அதன் பிறகு 4,100 – 12,500 என்ற சிறப்புக் காலமுறை ஊதியம் என்றும் சொன்னது. பணியாளருக்கு, அதாவது நீங்கள் டீச்சர் என்கிறவருக்கு, 7,700 – 24,200. முதல் வருஷத்தில் பீடியில் இதைவிடக் கூடக் கிடைக்கும் மாதங்கள் இருக்கலாம். இந்தச் சம்பளம் இந்த வேலைக்குப் போதாது என்பதுதான் என் அபிப்பிராயம். பணியில் இருந்தபோதும் அதையேதான் சொன்னேன். உங்கள் கணவர் சம்பளத்தைச் சொல்லி மறுத்தால் அவரிடம் வாதாட எனக்கு அதிகம் இல்லை. ஆனால் அத்தையும் நாத்தனாரும் சொல்வது வேறு விஷயம். அதற்குப் பதில் இருக்கிறது.

காலை ஒன்பதரை மணிக்கு ஒரு மையத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இருபது பிள்ளைகள். இரண்டு பேர் அம்மாவை விட மறுத்து வாசலில் கத்துகிறார்கள். ஒருத்தி வரும் வழியிலேயே சாரலில் நனைந்துவிட்டாள். கவுனை மாற்ற வேண்டும். ஒருவன் நிற்கும் இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டான். ஒரு கர்ப்பிணிப் பெண் சத்துமாவு வாங்க வந்து நிற்கிறார். டீச்சர் கைபேசியில் போஷன் டிராக்கர் செயலியைத் திறந்து வருகையைப் பதிய வேண்டும். அடுப்பில் உலை வைக்க வேண்டும். இதற்கிடையில் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டப்படி இன்றைய தலைப்பைத் தொடங்க வேண்டும். பாட்டின் இரண்டாவது அடியில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் டீச்சர் எழுந்துதான் போக வேண்டும். திரும்பி வரும்போது பத்தொன்பது பிள்ளைகளும் பத்தொன்பது மூலையில் இருப்பார்கள். மறுபடி கூட்டி உட்கார வைக்கக் கால் மணி நேரம் ஆகும். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்பதெல்லாம் கிடையாது.

டீச்சர் எழுந்து போகாமல் இருக்க வைக்கிறவர்தான் உதவியாளர். அரசின் பொறுப்புப் பட்டியலில் சமைத்துப் பரிமாறுவது, மையத்தைச் சுத்தமாக வைத்திருப்பது, தண்ணீர் எடுத்து வைப்பது, பிள்ளைகளின் சுத்தத்தைப் பார்ப்பது, சின்னப் பிள்ளைகளை வீட்டிலிருந்து அழைத்து வருவது என்றுதான் இருக்கும். படிக்கிறவர்களுக்கு வீட்டு வேலை மாதிரித் தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் பாட நேரத்தைத் தின்னக் கூடிய வேலை. உதவியாளர் விடுப்பில் இருக்கும் நாளில் மையத்துக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் சாப்பிட்டிருப்பார்கள், தூங்கியிருப்பார்கள், பதிவேடும் எழுதியிருக்கும். பாட்டோ கதையோ நடந்திருக்காது. குறு அங்கன்வாடிகளில் உதவியாளர் பணியிடமே கிடையாது. அங்கே இது தினசரி நிலை. அவற்றை முழு மையமாக்கி உதவியாளர் போட வழிசெய்யும் விதி 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் வந்திருக்கிறது. நான் சொன்ன 7,783 இடங்களில் 3,592 உதவியாளர் இடங்கள். அதாவது, அத்தனை இடங்களில் ஆள் இல்லாமலே காலம் ஓடியிருக்கிறது.

நீங்களாக ஆசையில் நினைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அதற்கு ஆதாரம் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளிலிருந்தே வந்திருக்கிறது. கார்த்திக் முரளீதரன், அலெஹாந்த்ரோ கானிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் மாநில அரசோடு சேர்ந்து நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் 160 மையங்களைப் பொறுக்கி, ஏற்கெனவே இருக்கும் ஊழியர்களோடு கூடுதலாக ஒருவரை அரை நாள் வேலைக்குப் போட்டார்கள். அவருக்கு ஒரே பொறுப்பு: பிள்ளைகளின் முன்பருவக் கல்வி. மற்ற 160 மையங்களும் வழக்கம்போல் நடந்தன. ஆய்வு 2021-இல் வெளியானது. கூடுதல் ஆள் இருந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதம் கழித்துத் தேர்வு வைத்தபோது, மையத்தில் தொடர்ந்து இருந்த பிள்ளைகளின் கணக்குத் திறன் 0.29 திட்டவிலக்கமும் மொழித் திறன் 0.46 திட்டவிலக்கமும் உயர்ந்திருந்தன. கல்வி ஆய்வுகளில் இவை பெரிய எண்கள்.

எனக்கு அதைவிடச் சுவாரசியமாக இருந்தது இன்னொரு முடிவு. அந்த மையங்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும், கடுமையான ஊட்டக்குறைவு உள்ள பிள்ளைகளும் குறைந்திருந்தார்கள். பாட்டுச் சொல்லித்தரப் போட்ட ஆளால் பிள்ளை எப்படி வளர்ந்தது? டீச்சருக்குக் கை கொஞ்சம் ஓய்ந்தது. அந்த நேரத்தை அவர் எடை பார்ப்பதிலும் தாய்மாரிடம் பேசுவதிலும் செலவிட்டார். ஒரு கை கூடினால் பலன் அந்தக் கை செய்யும் வேலையில் மட்டும் தெரிவதில்லை. செலவு வரவு பார்த்த ஆய்வாளர்கள், இந்தச் செலவு பல மடங்கு திரும்பி வரும் என்றார்கள்.

நாத்தனார் கெட்டிக்காரி என்றால் ஒரு கேள்வி கேட்பார்: அது சொல்லிக்கொடுக்கப் போட்ட மூன்றாவது ஆள்தானே, சோறு பொங்குகிற ஆயா இல்லையே? சரியான கேள்விதான். அந்த ஆய்வு உதவியாளரின் சமையலை அளக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பெரியவர்களின் நேரம்தான் தட்டுப்பாடான பொருள் என்பதை அது காட்டுகிறது. மையத்தில் இப்போது இருக்கும் இரண்டு பேரில் அந்த நேரத்தைப் பாதி தருகிறவர் நீங்கள். மாநிலம் முழுக்க மூன்றாவது ஆள் வரும் நாள் வந்தால் நல்லது. அதுவரை இரண்டாவது ஆள் தன் நேரத்தை எப்படி வைத்துக்கொள்கிறார் என்பதில்தான் ஒரு மையத்துக்கும் இன்னொரு மையத்துக்கும் வித்தியாசம்.

இன்னொரு விஷயம் உங்கள் ஊரிலிருந்தே சொல்லலாம். அமர் சேவா சங்கத்தை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆய்க்குடிக்காரரான எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் தமக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரில் அந்த அமைப்பைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஊரில் எல்லோரும் அதை மாற்றுத்திறனாளிகளின் பள்ளி, விடுதி என்றே அறிவார்கள். அங்கே நடக்கும் ஆரம்பகட்டத் தலையீட்டுத் திட்டத்தைப் பற்றித்தான் நான் பேச வருகிறேன். வளர்ச்சி தாமதமாகும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இயன்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி எல்லாம் வேண்டும். அதற்குப் படித்த நிபுணர்கள் கிராமத்துக்குக் கிராமம் கிடைக்க மாட்டார்கள். அதனால் அந்தந்த ஊர்ப் பெண்களையே சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். நிபுணர் மதிப்பிட்டுத் திட்டம் போடுவார். அதைத் தாயின் மடியில் வைத்துச் செய்து காட்டுவதும், பிள்ளையின் முன்னேற்றத்தைச் செயலியில் பதிவதும் அந்தப் பெண்கள். தெரு தெரியும், வீடு தெரியும், எந்தப் பாட்டி எதற்குக் கோபப்படுவார் என்று தெரியும் என்பது அவர்களுடைய தகுதியில் பாதி. நிபுணரின் துணை இல்லாமல் அவர்களால் முடியாது. அவர்கள் இல்லாமல் நிபுணரால் ஒரு தெருவைக்கூடத் தாண்ட முடியாது. துணைப் பணியின் மதிப்பைத் தெரிந்துகொள்ள உங்கள் அத்தை வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு நாள் அங்கே அழைத்துப் போங்கள்.

உங்களுக்கு இதில் நேரடியான வேலையும் இருக்கிறது. பிள்ளை சாப்பிடுவதையும், மலம் கழிப்பதையும், தூங்குவதையும் கிட்டத்தில் பார்க்கிறவர் உதவியாளர். வளர்ச்சிக் குறைபாட்டின் முதல் அறிகுறிகள் பல அங்கேதான் தெரியும். இரண்டரை வயதிலும் சோற்றை மெல்லாமல் அப்படியே வைத்திருக்கும் பிள்ளை. எதை நீட்டினாலும் ஒரே கையால் வாங்கி, மற்றக் கையை மடக்கியபடியே வைத்திருக்கும் பிள்ளை. குந்தி உட்கார முடியாமல் சாய்கிற பிள்ளை. பின்னால் தட்டு விழுந்தாலும் திரும்பாத பிள்ளை. வேண்டியதை விரலால் சுட்டாமல் உங்கள் கையையே பிடித்து இழுத்துப் போகிற பிள்ளை. இவை எதுவும் நோய் என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். தாயிடம் போய்ப் பெயர் வைத்துப் பயமுறுத்தவும் வேண்டாம். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி டீச்சரிடம் சொல்லுங்கள். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை மையத்துக்கு வந்து பரிசோதிக்கும். குழு ஒரு நாளில் பார்க்கிற பிள்ளையை நீங்கள் ஆறு மாதமாகப் பார்த்திருப்பீர்கள். மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் உங்கள் நோட்டில் இருக்கும்.

அடுத்து, சொல்லிக்கொடுப்பது டீச்சர் மட்டும்தான் என்ற பேச்சு. ஒரு பிள்ளைக்குக் கை கழுவி விடும்போது, "நக இடுக்குல மண்ணு ஒளிஞ்சிருக்கு பாரு, பெருவிரல்ல இருக்கா, சுண்டுவிரல்ல இருக்கா? எத்தனை விரல் கழுவியாச்சு, இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்டால் அங்கே கணக்கும் மொழியும் நடந்துவிட்டன. அதையே வாய் திறக்காமல் கையைத் தண்ணீருக்கடியில் இழுத்துவிட்டும் செய்யலாம். இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றுதான். முட்டை உரிக்கும்போது ஓடு எப்படி, உள்ளே எப்படி என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பயறு பொறுக்குவதைப் பிள்ளைகளிடம் ஒரு கைப்பிடி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்; பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அதிகம் பேசாத பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாடும்போது பேச மாட்டார்கள். தனியாக உங்கள் இடுப்பில் இருக்கும்போதுதான் வாய் திறப்பார்கள். உங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் பலர் பீடித் தட்டு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளாக இருப்பார்கள். ஆயிரம் எண்ணி முடிக்க வேண்டிய அவசரத்தில் இருக்கும் தாய்க்குப் பிள்ளையோடு பேச எத்தனை நிமிஷம் கிடைக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். புகையிலைத் தூசியிலிருந்து தள்ளி, பேச்சுக் கொடுக்கும் ஒரு ஆள் பக்கத்தில் சில மணி நேரம் இருப்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய வரவு.

நடைமுறையில் ஒரு யோசனை. பெரும்பாலான மையங்களில் சமையல் சூடு பிடிக்கும் நேரமும் பாட நேரமும் ஒன்றாக வந்து மோதும். காய் நறுக்குவதை வந்தவுடன் முடித்து, பருப்பைப் போட்டுவிட்டால் இடையில் அரை மணி நேரம் உங்களுக்குக் கை ஒழியும். அந்த அரை மணியைப் பாத்திரம் தேய்க்கக் கொடுக்காதீர்கள். டீச்சரோடு பேசி, பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, சின்னவர்களை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு டீச்சர் ஒத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சில மையங்களில் உதவியாளரை டீச்சரின் சொந்த வேலையாள் மாதிரி நடத்துவதையும் பார்த்திருக்கிறேன்: கடைக்கு அனுப்புவது, பிள்ளைகள் முன்னால் அதட்டுவது. பிள்ளைகள் அதையும் படிப்பார்கள். இரண்டு பெரியவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது மூன்று வயதில் நன்றாகவே மனதில் பதியும். முதல் வாரத்திலேயே பொறுப்புப் பட்டியலை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்துவிடுங்கள். தகராறு வந்தால் தெருவில் பேசாமல் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள்.

வெளிநாட்டில் இந்த வேலைக்கு என்ன மரியாதை என்று பார்த்தால், பிரான்ஸ் கொஞ்சம் யோசிக்க வைக்கும். அங்கே மழலைப் பள்ளி வகுப்புகளில் ஆசிரியரோடு 'அட்செம்' எனப்படும் துணைப் பணியாளர் ஒருவர் இருப்பார். கை கழுவுவது, உடை மாற்றுவது, வண்ணம் கலந்து வைப்பது, தூங்க வைப்பது எல்லாம் அவர் வேலை. ஒரு காலத்தில் அவர்களும் வெறும் பணிப்பெண்களாகத்தான் கருதப்பட்டார்கள். 1992-இல் அது தனிப் பணி வகையாக்கப்பட்டது. சிறுகுழந்தைப் பராமரிப்பில் சான்றிதழும் போட்டித் தேர்வும் வந்தன. ஒவ்வொரு மழலை வகுப்புக்கும் அட்செம்மின் சேவை கிடைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. சம்பளம் கொடுப்பது நகராட்சி. முழு நேரமா அரை நேரமா என்று முடிவு செய்வது மேயர். அதனால் அங்கேயும் ஓயாத சண்டை உண்டு. நம் ஊரில் பாதி வந்திருக்கிறது: பணியிடம் இருக்கிறது, படிப்புத் தகுதி பத்தாம் வகுப்பு என்று வைத்தாயிற்று. வேலையைக் கற்றுக்கொடுக்கும் முறையான பயிற்சி டீச்சருக்குக் கிடைக்கிற அளவு உதவியாளருக்குக் கிடைப்பதில்லை. அந்தக் குறையை இந்தத் துறையில் இருந்த எங்களைப் போன்றவர்கள்தான் முன்பே சரிசெய்திருக்க வேண்டும்.

உங்கள் கணவரிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. 2022 வழிகாட்டுதலின்படி, பணியாளர் காலியிடங்களில் பாதியை ஐந்து ஆண்டு அனுபவமுள்ள, மற்றத் தகுதிகளும் உள்ள உதவியாளர்களைப் பதவி உயர்த்தி நிரப்ப வேண்டும். பணியாளருக்குக் கேட்கும் படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. உங்களிடம் அது இருக்கிறது. மாநிலத்தில் அப்போது நடப்பிலுள்ள விதி என்ன என்பதை வட்டாரத் திட்ட அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். இப்போதிருந்தே எடை பார்க்க, உயரம் அளக்க, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பணிக்கொடை பற்றியும் தெரிந்திருக்கட்டும்: அங்கன்வாடி பணியாளர், உதவியாளர் இருவருக்குமே 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்ததும் பணம் கைக்கு வந்துவிடாது; அரசாணையும் சங்கமும் அலைச்சலும் உண்டு. ஆனால் 'தொண்டு செய்கிறார்கள், மதிப்பூதியம் கொடுக்கிறோம்' என்ற பழைய பேச்சு அதோடு வலுவிழந்துவிட்டது. சேரும் நாளிலிருந்து ஆணை, பணியேற்ற அறிக்கை, ஊதியப் பட்டியல் எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருங்கள்.

உங்கள் மகனைத் தாராளமாக அதே மையத்தில் சேர்க்கலாம். இரண்டு வயது முடிந்த பிள்ளைகள் வரலாம். ஒன்று மட்டும் கவனம். நீங்கள் இன்னொரு பிள்ளையைத் தூக்கினால் அவன் அழுவான். அவனைச் சமாதானப்படுத்தப் போனால் மற்றப் பிள்ளைகள் தவிப்பார்கள். டீச்சரிடம் முன்கூட்டியே பேசி, மையத்தில் இருக்கும் நேரம் முழுக்க அவனை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். முடிந்தால் நீங்கள் பணியில் சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அவனைக் கொண்டுபோய் விடுங்கள். அம்மா இல்லாத இடமாக அவன் முதலில் பழகிக்கொள்ளட்டும். பிறகு நீங்கள் போனால் ஒட்டிக்கொண்டு நிற்க மாட்டான்.